இரண்டாம் வகுப்புக்கு என்ன டார்கெட்?

பிள்ளைகளே, நேற்று மாலை பூண்டி போகும் மினிபஸ்ஸில் காதில் விழுந்ததைச் சொல்கிறேன். எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும், இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவர் மகளும் இருந்தார்கள். அம்மாவின் கழுத்தில் பனியன் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது.

“அம்மா, டீச்சர் எங்களையெல்லாம் டார்கெட் வெச்சுக்கச் சொன்னாங்க.”

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். “டார்கெட்டா? ஏங்கண்ணு, எங்க கம்பெனியாட்ட மணிக்கு எத்தன பீசு தெக்கோணும்?”

“பீசெல்லாம் இல்லீங்கம்மா. அது நாடகம். நமக்கு வராத ஒண்ண டார்கெட்டா வெச்சுக்கிட்டு, அது வந்துட்ட மாதிரி நடிக்கோணும். மத்தவங்க டிவிக்காரங்களாட்ட மைக் புடிச்சு, எப்படிச் செஞ்சேன்னு கேப்பாங்க.”

“நீ என்ன நடிச்ச?”

“நானே கண்டக்டர்கிட்ட டிக்கெட் கேட்டுட்டேன்னு.”

“ஊட்டுக்கு ஆளு வந்தாலே என்ற முந்தானைக்குள்ள ஒளியறவ, நீயா கேட்ட?”

“அதத்தான் மைக்ல கேட்டாங்க. பயமாத்தான் இருந்துச்சு, ஆனாலும் கேட்டேன்னு சொன்னேன்.”

அம்மா சிரிக்கவில்லை. சில்லறையை மகள் கையில் வைத்தார். கண்டக்டர் வந்ததும் சிறுமி எழுந்து நின்று ஏதோ சொன்னாள். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கண்டக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பூண்டிக்கு ஒரு ஃபுல்லு, ஒரு ஆஃப் குடுங்க.”

இந்த முறை அவள் குரல் கடைசி சீட்டு வரை கேட்டது. டிக்கெட்டோடு உட்கார்ந்தவள் சொன்னாள்: “நாடகத்துல ஒரே தடவைல குடுத்துட்டாங்க. நெசத்துல ரெண்டாந்தடவையும் கேக்கோணும். நாளைக்கு எல்லார்த்துக்கும் சொல்லிக் குடுக்கறேனுங்கம்மா.”