குறுக்கே வந்த நரம்பு

“நிலத்தை வித்துட்டு நாங்க தூத்துக்குடிக்கே போயிருதோம் அத்தை. அவியளும் சரின்னுட்டாவ—”

“நீ பேசுத பேச்சுக்கு எருமைகூடத் தலையாட்டும்ட்டி. எம்மவன் ஆட்ட—”

“உங்க மவனைத்தான் எருமைங்கிய.”

மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளும்போதுதான் எங்களுக்குள் சண்டை வரும். கைக்குத்தானே வேலை, வாய் சும்மா இருக்கும். மருமகள் இசக்கிச்செல்வி கெட்டிக்காரி. துபாயில் இருக்கும் என் மகன் மணிகண்டபிரபுவைப் போனில் பேசியே கரைத்துவிடுவாள். எனக்கு மிஞ்சுவது, “சாப்ட்டியாம்மா?”

போன வருடம் அவளுக்குச் சோறு தொண்டையில் அடைத்தது. மதுரையில் ஸ்கேன் எடுத்த டாக்டர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் பேசினார். பெரியவர்களிடம்தானே சொல்வார்கள்.

“ஒரு ரத்தக்குழாய் பிறவியிலேயே இடம் மாறியிருக்கும்மா. பயமில்லை. ஆனா வலது பக்கக் குரல் நரம்பு, மத்தவங்களுக்கு மாதிரி நெஞ்சுக்குள்ள இறங்கித் திரும்பி மேலே வராது. நேரா குறுக்கே வரும். கழுத்துல எப்ப ஆபரேசன்னாலும் இதைச் சொல்லிருங்க. தெரியாம வெட்டிட்டா குரல் போயிரும்.”

“ஒண்ணுமில்லட்டி, வாய்வுதான்” என்று அவளிடம் சொன்னேன். பயந்துவிடக் கூடாதே. அது பிரியம்.

இந்த வருடம் வலது பக்கம் தைராய்டுக் கட்டி. கோவில்பட்டி டாக்டர் பழைய ஸ்கேன் பற்றிக் கேட்டார்.

“வாய்வுன்னுட்டாவ சார். அத்தைதான் பேசுனாவ.”

அதற்குள் துபாயிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. “ஆபரேசன் முடியட்டும், நிலத்தை வித்துருவோம்” என்று மெல்லச் சொல்லிச் சிரித்தாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

“வாய்வுதான் சார்.”

நான் புதிதாக எதுவும் சொல்லவில்லை. ஏற்கெனவே சொன்னதை மாற்றவில்லை, அவ்வளவுதான்.

ஆபரேசன் தியேட்டரிலிருந்து வந்த டாக்டருக்கு முகமெல்லாம் வேர்வை. “நரம்பு இருக்க வேண்டிய இடத்துல இல்லம்மா. குறுக்கே வந்ததை ரத்தக்குழாய்னு நினைச்சு வெட்டிட்டேன்.” அவருக்கு நான்தான் ஆறுதல் சொன்னேன்.

அதன்பின் அவள் பேசினால் காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்தால் புரையேறியது. மகன் என்னிடம் அதிக நேரம் பேசினான். வீடு அமைதியானது. அந்த அமைதியில்தான் எனக்குப் பயம் பிடித்தது. காற்றாகக்கூட அவள் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. பார்த்தாள்.

மகன் லீவில் வந்தான். இன்று அவளை அதே மதுரை டாக்டரிடம் கூட்டிப்போனான். என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்தவன் காரைவிட்டு இறங்கி வாசலிலேயே நிற்கிறான். கூப்பிட்டேன், என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மட்டும் உள்ளே வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து, வத்தலை எடுத்துக் காம்பு கிள்ளுகிறாள்.

“ஏட்டி, அவன் உள்ள வரமாட்டுக்கான். நீ சொன்னாக் கேப்பான். எனக்காக அவன்ட்ட ஒரு வார்த்தை பேசேம்ட்டி.”