நாலு சுத்து டேப்

ரத்தத்தத் தொடைக்கிற வேலைய எனக்குத்தான் குடுத்தாங்க, ரோஸி. அதுல ஒண்ணும் இல்ல, மிஷின் தொடைக்கிற துணி எப்பவும் என் கையிலதான் இருக்கும். கை நசுங்குன லீலாக்காவ வேன்ல ஏத்திகினு போயிட்டாங்க, எல்லாரும் கேட்டாண்ட ஓடிட்டாங்க. நான் பிரஸ்ஸாண்ட குனிஞ்சு, தொடைக்கிற மாதிரி, கத்திரிக்கோல எடுத்தா யாருக்காச்சும் தெரிஞ்சிடும்னு, இடது பட்டன்ல கீற டேப்ப நகத்தால பிச்சுகினு இருந்தேன். டேப்போட முனை கெடைக்கவே இல்ல.

லைட்டப் போடாத. அப்பா முழிச்சிக்குவாரு. நீ என் அக்காதான, படுத்துகினே கேளு.

"இன்னாம்மா பண்ற அங்க?"

பின்னாடி சூப்பர்வைசர் ஜெபகுமார் சார். குனிஞ்சு பாத்தாரு. போன எடுத்து பட்டன போட்டோ புடிச்சாரு. "யாரு ஒட்டுனது இத?"

"லீலாக்கா."

அது என் மிஷின்னு அவருக்குத் தெரியும். ஆனா அன்னிக்கு அதுல உக்காந்தது அக்கா. அவரு ரெண்டாவது வாட்டி கேக்கல. மூச்ச விட்டாரு, பஸ்ல சீட்டு கெடச்ச மாதிரி.

அந்த பிரஸ்ஸு உனக்குத் தெரியாது. ரெண்டு பட்டன் இருக்கும். ரெண்டு கையாலயும் ஒண்ணா அமுக்குனாதான் மேல இருக்கிற இரும்பு அச்சு கீழ எறங்கும். கை உள்ள மாட்டக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. ஒரு பட்டன அமுக்கி டேப்பு சுத்திட்டா ஒரு கையே போதும், இன்னொரு கையால தகடு வெச்சுகினே போலாம். பழைய மிஷினு, அமுக்குறது கையா டேப்பான்னு அதுக்கு வித்தியாசம் தெரியாது. டார்கெட்ட முடிக்காத ட்ரெய்னிய அடுத்த மாசம் கூப்புட மாட்டாங்க. அதான் ஒட்டுனேன். வேற ஒண்ணும் இல்ல.

லீலாக்காதான் என்ன அங்க சேத்து விட்டாங்க. மின்ன ஒரு வாட்டி கறுப்பு டேப்பு ஒட்டியிருந்தத பாத்துட்டு பிச்சுப் போட்டாங்க. "ஏய் ஷாரோன், இன்னொரு வாட்டி இத பாத்தேன், உன் கைய நானே ஒடச்சிடுவேன். அந்த வேல மிஷினுக்கு எதுக்கு?" லைனே சிரிச்சுது. இனிமே ஒட்ட மாட்டேன்க்கான்னு சொன்னேன். அக்கா நம்பிட்டாங்க. அதுக்கப்புறம் நான் கறுப்பு டேப்பு ஒட்டல. கண்ணாடி மாதிரி ஒரு டேப்பு வருதே, அத வாங்கி நாலு சுத்து சுத்துனேன்.

அக்காவுக்கு ஒரு பழக்கம். வலது கையால ஒரு பட்டன அமுக்கியே வெச்சுகினு இடது கையால தகடு வெப்பாங்க. இடது கை வந்து அமுக்குனாதான எறங்கும்னு. சரியாதான் செஞ்சாங்க. இடது பட்டன்தான் டேப்புல ஏற்கனவே அமுங்கிக் கெடந்துச்சு. இடது கையில கட்ட வெரல் மட்டும் மிச்சம்.

ஹெச்.ஆர். மேடம் நல்லவங்க. என்ன உக்கார வெச்சு ஜூஸ் குடுத்து சொன்னாங்க. காண்ட்ராக்ட் ஆளுங்கள ஈ.எஸ்.ஐ.ல சேக்கலியாம், தனியா இன்சூரன்ஸ் போட்டு வெச்சிருக்காங்களாம். போன வருஷம் ஒருத்தருக்கு நஷ்டஈடு போனதுக்கே பிரீமியத்த ஏத்திட்டாங்களாம். இன்னொண்ணு போனா ஆளக் கொறைக்கணும், முதல்ல ட்ரெய்னி ஆளுங்கதான். வேல செய்றவங்களே தெரிஞ்சு சேஃப்டிய எடுத்துட்டா குடுக்கத் தேவையில்ல, சட்டத்துலயே அப்படி இருக்காம். "நீ பாத்தத மட்டும் சொல்லு"ன்னாங்க. எத்தினி பேரு வேல போவும், நீயே யோசிச்சுப் பாரு, ரோஸி. அக்காதான் ஒட்டுனாங்கன்னு நான் எனக்காக மட்டும் சொல்லல.

கேட்டாண்ட ஒரு போர்டு கீது, விபத்தில்லாம எத்தினி நாள் ஓடுச்சுன்னு. அக்கா கை போன அன்னிக்கு அத அழிக்கல. அவங்களே பண்ணிக்கினது கணக்குல வராதாம். இப்ப காலைல போனதும் அதுல ஒரு நாள் கூட்டி எழுதுறது என் வேல. ஒழுங்காதான் எழுதுறேன்.

ஆஸ்பத்திரிக்கும் தெனம் போறேன்ல. அக்காவுக்கு சோறு ஊட்டுறதே நான்தான். சபையில அவங்களுக்காக நான் ஜெபம் பண்ணப்ப நீயே அழுத. நேத்து ஊட்டும்போது சொன்னாங்க, "பாவிங்க, நான் ஒட்டுனேன்னு சொல்றானுங்கடி. எனக்கு யாரு இருக்கா? லேபர் ஆபீசுல நீ வந்து சொல்லு. அன்னிக்கு எம் பக்கத்துல இருந்தது நீதான?" சரிக்கான்னேன். வாயத் தொடச்சு வுட்டேன்.

நாளைக்குதான் அந்த விசாரண. கம்பெனியும் என்னத்தான் சாட்சியா கூட்டினு போவுது, அது அக்காவுக்குத் தெரியாது. நான் சொல்றத வெச்சுதான் அவங்களுக்கு நஷ்டஈடு உண்டா இல்லியான்னு. அவங்க புள்ளைங்க ரெண்டும் அத நம்பிதான் கீது.

இன்னும் ஒண்ணு கீது, ரோஸி. அன்னிக்கு எனக்குத் தலவலின்னு மிஷின் மாத்திக்கினேன்னு வூட்டுல சொன்னேன்ல. தலவலி இல்ல. டீக்கு மின்ன பிரஸ்ஸு என் க்ளவுஸ் முனையக் கடிச்சிட்சு. வெரல் தப்பிச்சுது. க்ளவுஸக் கழட்டிப் பாத்தா நுனி அப்பளம் மாதிரி கெடக்குது. அத ஜோப்புல சொருகிகினேன். மறுபடி அந்த சீட்டுல உக்கார ஒடம்பு ஒத்துக்கல. அடுத்த வாட்டி கை போவும்னு எனக்கு நல்லாத் தெரியும். அக்காவாண்ட போயி, "தலவலிக்குதுக்கா, கொஞ்ச நேரம் மாத்திக்கலாமா"ன்னேன்.

"வா கண்ணு, என் மிஷின் லேசு. பையில தைலம் கீது, தடவிக்கோ."

தடவிக்கினேன். அவங்க என் சீட்டுல உக்காந்து முடிய அள்ளி முடிஞ்சு, மொத தகட எடுக்கற வரைக்கும் பாத்துகினேதான் இருந்தேன். கத்திரிக்கோல் என் ஜோப்புலயே இருந்துச்சு. அந்த டேப்புக்கு ஒரு வெட்டு போதும்.

வெட்டாம ஏன் எழுந்து வந்தேன், ரோஸி?