எண்ணூறு அடியில் ஒட்டிய முள்

டக்... டக்.

நகத்தால் கண்ணாடியைத் தட்டும் சத்தம். நாங்கள் நான்கு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பினோம். வெளியே ஆள் இல்லை. மூடுபனி மட்டும் வெள்ளைச் சுவர் மாதிரி நின்றது.

மீட்டர் அண்ணன் ஜன்னலைப் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்தார்.

அன்றிரவு எந்த விமானமும் கிளம்பவில்லை. சிறிய விமானங்களைப் பழுது பார்க்கும் கொட்டகையின் ஓரத்து அறையில், ஒரு ஹீட்டரைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். நானும் இன்னொருவரும் விமானிகள். பெட்ரோல் லாரி டிரைவர், கன்ட்ரோல் டவர் அக்கா, பிறகு விமானத்தின் மீட்டர்களைச் சோதிக்கும் அண்ணன். ஒரு மீட்டரை 'சரி' என்று எழுத அவருக்கு அரை நாள் வேண்டும். கையெழுத்துப் போட நல்ல நேரம் பார்க்கிறார் என்று கிண்டல் செய்வோம்.

பேய்க் கதை கேட்டு நச்சரித்தது லாரி டிரைவர்தான். "உங்க மூஞ்சியப் பார்த்தாலே பாதிக் கதை முடிஞ்சிருது. மீதியச் சொல்லுங்கண்ணே."

அண்ணன் இன்னொரு முறை அலமாரியைப் பார்த்தார். பிறகு, "என் சிநேகிதனோட சகலைக்கு நடந்தது" என்று ஆரம்பித்தார்.

சகலைக்கும் இதே வேலைதான். மேகத்துக்குள் ஓட்டுகிறவனுக்குத் தரை தெரியாது, வானம் தெரியாது. விமானம் சாய்ந்திருக்கிறதா, எந்தத் திசை, எவ்வளவு உயரம்... எல்லாம் முன்னால் இருக்கும் மீட்டர்கள் சொன்னால்தான் உண்டு. ரேடியோ வேண்டும். விநாடி முள் உள்ள கடிகாரம்கூட வேண்டும். இதில் ஒன்று கெட்டிருந்தாலும் மேகத்துக்குள் நுழையக் கூடாது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டியவர் சகலை.

ஒருநாள் சாயங்காலம் ஐந்தரை மணி. உயரம் காட்டும் மீட்டரைக் குழாய் மாட்டிச் சோதித்தார். காற்றை உறிஞ்சினால் முள் ஏற வேண்டும், திரும்ப விட்டால் இறங்க வேண்டும். நன்றாகத்தான் ஏறியது. இறங்கும்போது எண்ணூறு அடியில் நின்றுவிட்டது. நகத்தால் கண்ணாடியில் இரண்டு தட்டு. டக்... டக். முள் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழுந்தது.

அதைக் கழற்றிவிட்டு வேறு போட வேண்டும். மூன்று மணி நேர வேலை. மனைவி ஆறரை மணிக் காட்சிக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தாள். எஞ்சின் ஆடுகிற ஆட்டத்தில் முள் எங்கே ஒட்டப் போகிறது என்று நினைத்தார். இறங்கும்போது எஞ்சினைத் தணிப்பார்கள், ஆட்டமும் அடங்கும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் 'சரி' என்று எழுதினார்.

விமானி வந்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. வழக்கம்போல, "எல்லாம் சரியாண்ணே?" என்றான்.

"கண்ணை மூடிக்கிட்டுப் போ தம்பி."

படத்தில் இடைவேளை விட்டபோது விமானம் ஒரு குன்றில் மோதிக் கிடந்தது. குன்றின் உயரம் அறுநூறு அடி.

மீட்டர்கள் தூளாகிவிட்டன. விசாரணையில் ரேடியோப் பதிவைப் போட்டார்கள். கடைசியில் அவன் ரேடியோவில் பேசும் பொத்தானை அழுத்தியிருக்கிறான், பேசவில்லை. டக்... டக். அவ்வளவுதான். அதிகாரி மூன்று முறை ஓடவிட்டு, இது என்ன சத்தம் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். சகலையின் முறை வந்தது. தெரியவில்லை என்றார்.

விமானியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். அவன் மனைவி குடியிருப்பைக் காலி செய்த அன்று சாமான் ஏற்றிக் கொடுக்கச் சகலையும் போனார். அவர் அப்படிக் கவனமில்லாத ஆள் இல்லையே என்று அவள் இவரிடம் கேட்டாளாம். இவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு லாரியையே பார்த்தபடி நின்றாராம்.

அதற்குப் பிறகு விழுந்த முதல் பனி. கொட்டகையிலிருந்து கேட் வரை இரண்டு கிலோமீட்டர், ஓடுபாதையை ஒட்டி, விளக்கில்லாத சாலை. சகலை பைக்கில் தனியாகப் போகிறார். டக்... டக். வண்டியின் மீட்டர் கண்ணாடியில். நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். ஈரப்புல் வாசனை... அப்புறம், காதோரத்தில், கிராம்பு வாசனை.

உருவம் இல்லை. அது ஒன்றும் செய்யவும் இல்லை. கழுத்தை நெரித்திருந்தால்கூடத் தேவலை என்பாராம் சகலை. பனி இறங்கும்போதெல்லாம் இரண்டே தட்டு. கைக்கடிகாரத்தில், மூக்குக் கண்ணாடியில், குடிக்க எடுத்த டம்ளரில். பிறகு, பதிலுக்குக் காத்திருப்பது போல ஓர் அமைதி. பதினொரு வருஷமாக.

அண்ணன் நிறுத்தினார்.

படத்தையாவது முழுசாகப் பார்த்தாரா சகலை என்று லாரி டிரைவர் சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. டவர் அக்கா அண்ணனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சகலை இப்ப எங்கண்ணே இருக்காரு?"

டக்... டக்.

இந்த முறை சத்தம் அலமாரியில். அங்கே காகிதங்கள் பறக்காமலிருக்க வைத்த பழைய உயர மீட்டர் ஒன்று இருந்தது. அதில் குழாய் இல்லை, எதோடும் மாட்டவில்லை. ஆனால் அதன் முள் இறங்கிக்கொண்டிருந்தது. ஆயிரத்து இருநூறு... ஆயிரம்... எண்ணூறு.

நின்றது.

அறை முழுக்கக் கிராம்பு வாசனை.

அண்ணன் எழுந்து அலமாரி முன்னால் போய் நின்றார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, நாங்கள் நான்கு பேரும் கேட்கும்படியாகச் சொன்னார்:

"சரியில்ல தம்பி... முள்ளு ஒட்டுச்சு. நான் பார்த்தேன்."