தொட்டிக்குள் ஒரு நிமிட மௌனம்

கண்ணைப் பிடுங்குவது, காலை ரம்பத்தால் அறுப்பது... நீங்கள் இவ்வளவு நேரம் அடுக்கிய சினிமாக் காட்சிகளில் பாதிக்கு ரத்தம் காய்ச்சியவள் நான்தான். சர்க்கரைப் பாகு, சிவப்புச் சாயம், ஒரு சிட்டிகை காப்பித்தூள். இருபத்திரண்டு வருடமாக அதுதான் என் பிழைப்பு. அதைத் திரையில் பார்த்தால் எனக்குப் பயம் வராது, பாகு வாசனைதான் வரும்.

என்னை உலுக்கிய காட்சியில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. ஒரு பெண் பாத்திரம் கழுவுகிறாள். அவ்வளவுதான்.

"மார்ஜ், நீங்க கழுவாம போட்ட பாத்திரமா இருக்கும். அதான் பயம்!"

சிரிச்சுக்கோ, டாம். சிரித்து முடித்ததும் நெருப்பில் இன்னொரு கட்டையைப் போடு. இது என் தோழி டெனீஸின் தம்பி நெவிலுக்கு நடந்தது. நெவில் சினிமாவில் ஒலிப்பதிவாளன். பொய் சொல்லத் தெரியாத ஆள்.

மதியம் ஒன்று நாற்பது. இரவு இல்லை, நல்ல வெயில். ப்ரோக்கன் ஹில் ஊரைத் தாண்டி வடக்கே போகிற செம்மண் சாலை... மூன்று மணி நேரம் ஓட்டினாலும் எதிரே ஒரு வண்டி வராது. சாலை முடிகிற இடத்தில் கைவிடப்பட்ட ஓர் ஆட்டுப் பண்ணை. அங்கே ஒழுங்காக மழை பெய்து ஏழு வருடம் ஆகியிருந்தது.

இயக்குநர் கிரெக் பேய்ப்படம் எடுத்துக்கொண்டிருந்தான். "பாக்குறவன் ஒரு வாரம் விளக்கை அணைக்காம தூங்கணும்டா" என்பதே அவன் பேச்சு. அன்றைய காட்சி இதுதான்: ஒரு தாய் தன் மகளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் பூட்டிவிடுகிறாள். பிள்ளை உள்ளிருந்து தட்டுகிறது. தாய் வெளியே நின்று பாட்டுப் பாடுகிறாள்.

தொட்டி அந்தப் பண்ணையிலேயே இருந்தது. பாதி மண்ணுக்குள் புதைந்த பழைய சிமெண்டுத் தொட்டி, மேலே இரும்பு மூடி. நெவில் அதற்குள் ஒரு மைக்கைத் தொங்கவிட்டிருந்தான். பிப்பா என்று ஒன்பது வயதுப் பெண் நடித்தாள். நன்றாகத் தட்டினாள். வேலை முடிந்ததும் வெளியே வந்து, தன் அம்மா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்துவிட்டாள். மூடியைத் திரும்பப் போட்டார்கள்.

பிறகு நெவில் கை தூக்கினான். "ரூம் டோன்!"

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் இடத்தில் படமெடுத்து முடித்தால், கலைவதற்கு முன் அந்த இடத்தின் மௌனத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்வார்கள். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது வேண்டும். அந்த ஒரு நிமிடம் நாற்பது பேரும் சிலை மாதிரி நிற்க வேண்டும். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்டக் கூடாது. இருமியவன் அன்று முழுக்க ஏச்சு வாங்குவான்.

எல்லோரும் நின்றார்கள். நெவில் ஹெட்போனை அழுத்திக்கொண்டான்.

பன்னிரண்டாவது விநாடியில்... ஒரு மூச்சு.

சின்ன மூச்சு. அடக்கி அடக்கி விடுகிற மூச்சு. பிறகு நகத்தால் சிமெண்டைச் சுரண்டுகிற சத்தம்... கிர்க்... கிர்க்... பிறகு ஒரு பிள்ளையின் குரல், காதோடு.

"முடிஞ்சுதா...? நான் வெளிய வரலாமா?"

நெவில் பிப்பாவைப் பார்த்தான். அவள் வாய் நிறைய ஆரஞ்சு. கண்ணை உருட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

இன்னும் நாற்பது விநாடி பாக்கி. நம்மில் யாராவது அந்த இடத்தில் இருந்தால் கத்தியிருப்போம் என்று நினைக்கிறோம்... கத்தியிருக்க மாட்டோம். ஒலிப்பதிவாளனே மௌனத்தைக் கலைப்பதாவது! இருபது வருடப் பழக்கம் அவன் வாயைத் தைத்துவிட்டது. குரல் இன்னொரு தடவை கேட்டது, இன்னும் மெதுவாக. அதற்கும் பதில் இல்லை. பிறகு அது கேட்கவில்லை. ஒரு பெருமூச்சு. துணி உரச, திரும்பக் கீழே உட்கார்கிற சத்தம்.

நிமிடம் முடிந்ததும் ஓடிப்போய் மூடியை இழுத்தான். உள்ளே ஒன்றுமில்லை. புழுதி, பிப்பாவின் கால்தடம், அவன் மைக். ஆனால் வாசனை வந்தது... ஈரத் தலைமுடியின் வாசனை. அத்தனை வறண்ட இடத்தில்.

அன்று சாயங்காலமே பதிவை கிரெக்குக்குப் போட்டுக் காட்டினான். கிரெக் கண்ணை மூடிக் கேட்டான். "என்னடா குரல்? சுத்தமா இருக்கு. இவ்வளவு சுத்தமான மௌனத்தை நான் கேட்டதே இல்ல." பக்கத்தில் நின்றவர்களுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. நெவிலுக்கு மட்டும் கேட்டது. கிரெக் அந்த ஒரு நிமிடத்தைப் படம் முழுக்கத் திரும்பத் திரும்ப ஒட்டினான். மற்ற இடத்தில் பேச்சும் இசையும் அதை மூடிவிட்டன. பாத்திரம் கழுவுகிற காட்சியில்தான் எதுவும் மூடவில்லை.

அடிலெய்டில் படத்தின் முதல் திரையிடல். நானும் போயிருந்தேன். திரையில் அந்தத் தாய் ஒரு தட்டைக் கழுவுகிறாள்... நான் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினேன். ஏனென்று தெரியவில்லை. முன்வரிசையில் ஓர் ஆள் எழுந்துபோய்ப் பக்கக் கதவைத் திறந்து வைத்தார். பிறகு ஒரு பெண் எழுந்தாள். பிறகு இன்னொருத்தர். படம் முடிந்து பார்த்தால் கழிவறைக் கதவுகள், துடைப்பம் வைக்கிற அலமாரி, ஐஸ்கிரீம் பெட்டியின் மூடி, எல்லாம் திறந்து கிடந்தன. கேட்டால் ஆளாளுக்கு, "புழுக்கமா இருந்துச்சு" என்றார்கள். நானும் என் கைப்பையைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

இணையத்தில் 'மனதைக் கலங்கடிக்கும் காட்சிகள்' என்று பட்டியல் போடுவார்களே, அதில் அந்தக் காட்சி ஏறியது. கிரெக் தலைகால் புரியாமல் ஆடினான். நெவில் உருக்குலைந்துபோனான். அவன் டெனீஸிடம் அழுதது எனக்குத் தெரியும். "அக்கா, ஒவ்வொரு ஷோவுலயும் அவ கேக்குறா. அறுநூறு பேர் பதில் சொல்லாம உக்காந்திருக்காங்க. முதல்ல பதில் சொல்லாதவன் நான்."

படப்பிடிப்புக்குச் சமைத்துப் போட்டவள் தெல்மா. அந்த மண்ணின் ஆதிக்குடிகளில் ஒருத்தி, அறுபத்தொன்பது வயது, வாய் நீளம். எல்லோருக்கும் ஆன்ட்டி. படம் எடுத்த நாள்களில் அவள் தொட்டிப் பக்கமே வரவில்லை. "பசிச்சா நடந்து வா. சாப்பாட்டுக்குக் கால் கிடையாது" என்பாள். அவளுடைய ஊர் மண்டபத்தில் படத்தைக் காட்டுவதாகக் கிரெக் வாக்குக் கொடுத்திருந்தான். காட்டினார்கள். பாத்திரம் கழுவும் காட்சியில் தெல்மா எழுந்து வெளியே போனாள். நெவில் பின்னாலேயே போனான்.

அவள் மண்டபத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தத் தொட்டிக்குள்ள மைக் போட்டியாடா?"

"போட்டேன், ஆன்ட்டி."

"அவ கேட்டப்ப நீ என்ன சொன்னே?"

இன்னொருவருக்கும் கேட்கிறது! "ஒண்ணும் சொல்லல, ஆன்ட்டி."

"எல்லாரும் அதைத்தான்டா சொன்னாங்க."

அப்போது தெல்மாவுக்கு ஐந்து வயது, அவள் அக்காவுக்கு ஏழு. அந்தப் பண்ணையில்தான் அவர்கள் அம்மா வேலை பார்த்தாள். ஆதிக்குடிப் பிள்ளைகளை அரசாங்கக் கார் வந்து அள்ளிக்கொண்டு போன காலம் அது. விடுதியில் வளர்ப்பார்கள், தாயிடம் திருப்பித் தரமாட்டார்கள். அதைச் செய்தது எங்கள் வெள்ளைக்கார ஆட்கள்தான், சொல்ல வாய் கூசுகிறது. தூரத்தில் புழுதி தெரிந்ததும், அந்தப் பக்கத்துத் தாய்கள் எல்லாரும் செய்வதுபோல, அம்மா பெரியவளைத் தொட்டிக்குள் இறக்கி மூடிவிட்டாள். சின்னவளைத் தூக்கப் போவதற்குள் கார் வந்துவிட்டது.

"அம்மாவை ஒரு வண்டியில ஏத்துனாங்க, என்னை இன்னொண்ணுல. அம்மா லாக்கப்புல மூணு நாள் கத்தினாளாம். அவ பாஷை அங்க யாருக்கும் தெரியல. அப்புறம் எங்ககிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? பெரியவளையும் பிடிச்சுட்டோம், வேற விடுதியில இருக்கான்னாங்க. நான் நம்பினேன். எத்தனை விடுதிக்கு எழுதினேன் தெரியுமா? போன மாசம்கூட ஒண்ணு எழுதினேன்."

"அவங்க பேரு என்ன, ஆன்ட்டி?"

"நேத்து வரைக்கும் அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். இனிமே சொல்ல மாட்டேன். செத்தவங்க பேரை நாங்க சொல்றதில்ல." அப்போதுதான் அவள் அழுதாள்.

மறுநாள் மதியம் இருவர் மட்டும் போனார்கள். அதே சாலை. தொட்டியைப் பார்த்ததும் தெல்மா, "நான் இதைவிடப் பெரிசுன்னு நெனச்சிருந்தேன்" என்றாள். நெவில் மைக்கைத் தொங்கவிட்டு மூடினான். ஒரு ஹெட்போன் அவளுக்கு, ஒன்று அவனுக்கு. அவன் கை தூக்கினான்.

காற்று... ஈ... கூரைத் தகரம் வெயிலில் படபடக்கிற சத்தம்...

மூச்சு.

"முடிஞ்சுதா...? நான் வெளிய வரலாமா?"

தெல்மா குனிந்தாள். மூடியில் வாயை வைத்து, தன் பாஷையில், நான்கைந்து வார்த்தை சொன்னாள். 'முடிஞ்சுது, வெளிய வா' என்று அம்மா வந்து சொல்லியிருக்க வேண்டிய வார்த்தைகள். உள்ளே மூச்சு நின்றது. பிறகு எழுந்திருக்கிற சத்தம். பிள்ளை அதே பாஷையில் ஏதோ கேட்டது, அவசர அவசரமாக, கிட்டத்தட்டச் சந்தோஷமாக. தெல்மாவின் முகம் சாம்பலாகிவிட்டது. பதில் சொல்ல வாயெடுத்தாள்.

அறுபதாவது விநாடி. நெவிலின் விரல் தானாகப் போய்ப் பொத்தானை அமுக்கியது. ஒலி அறுந்தது.

"ஏன்டா நிறுத்தினே? பாவி, ஏன்டா நிறுத்தினே!" அவன் கையில் அடித்தாள். அவன் பதறித் திரும்பப் போட்டான். காற்று மட்டும். ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். அவள் மூடியைத் திறந்து கத்தினாள், கெஞ்சினாள். ஒன்றும் வரவில்லை.

திரும்பும்போது பாதி வழியில் நெவில் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு கேட்டான்.

"ஆன்ட்டி... அவங்க என்ன கேட்டாங்க?"

தெல்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய வரைக்கும் வெறும் சமவெளி. தூரத்தில் ஒன்றிரண்டு பழைய பண்ணைகள், அவற்றின் தொட்டிகள்.

"'அப்ப மத்தவங்களையும் எழுப்பட்டுமா?'ன்னு கேட்டா."