அரை மில்லிமீட்டர் உடம்பு

ஞாயிறு பள்ளியில் ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள்: "இவ்ளோ குட்டியா செய்யறப்ப கடவுள் கண்ணாடி போட்டிருந்தாரா சார்?"

உருப்பெருக்கியில் அவளுக்கு ஒரு வண்டைக் காட்டியிருந்தேன். அரை மில்லிமீட்டர் நீளம். தாளில் வைத்தால் பேனா தவறிப்பட்ட புள்ளி என்று துடைத்துவிடுவீர்கள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடி போட்டும் கை நடுங்குகிறவனுக்கு அது நியாயமான கேள்வி.

என் பெயர் ம்வாங்கோம்பே. தைதா மலையில், வுண்டான்யி ஊருக்கு மேலே உள்ள சிறிய ஆய்வு நிலையத்தில் வண்டுகளின் உடம்பை விவரித்து எழுதுவது என் வேலை. உணர்கொம்பில் பதினொரு கணு, கடைசி மூன்றும் தடித்தவை. இறக்கை என்று இருப்பது ஒரு காம்பும் அதைச் சுற்றி மயிர் வரிசையும்தான். இவற்றையெல்லாம் பொறுமையிருந்தால் வரைந்துவிடலாம். ஆனால் இந்த வகை வண்டுகளில் ஓர் இனத்தை இன்னோர் இனத்திலிருந்து பிரித்துக் காட்டுவது பெண்ணின் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு பை. ஆணிடம் பெற்ற விந்தணுக்களைச் சேர்த்துவைக்கும் பை. வண்டைக் காரநீரில் ஊறவைத்துச் சதையைக் கரைத்து, ஊசியால் வயிற்றைத் திறந்து அதை எடுக்க வேண்டும். பெருமூச்சு விட்டால் போயிற்று. வாழ்நாளில் பாதியை நான் பெருமூச்சு விடாமல் கழித்திருக்கிறேன்.

அந்தச் சிறுமிக்குக் காட்டிய வண்டு எங்கள் ஊர் ஃபிகியில், அதாவது முன்னோர் தோப்பில், விழுந்து கிடந்த ஒரே ஒரு மரத்தின் காளானில் இருந்தது. மலை முழுக்கத் தேடியும் வேறெங்கும் கிடைக்கவில்லை. ஃபிகியிலிருந்து ஒரு சுள்ளிகூட வெளியே போகக் கூடாது. உள்ளே நெருப்பு வரக் கூடாது. காவல் பெரியவர் வண்டை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். "இதையா கேக்கறீங்க? எடுத்துட்டுப் போங்கப்பா. செத்துப்போன தாத்தனுங்களுக்கே இது இங்க இருக்கறது தெரிஞ்சிருக்காது" என்றார்.

தோப்பின் ஓரத்து மரங்களில் தேன்கூடு வைத்திருந்த ம்வாடிமே அப்போது பக்கத்தில் நின்றிருந்தார். "உங்க பூச்சி கடிக்கவும் கடிக்காது, தேனும் தராது. உங்க வீட்டம்மா உங்களை எப்படித்தான் சகிச்சுக்கறாங்களோ" என்று கேலி செய்தார். நல்ல மனிதர். போகும்போது ஒரு துண்டுத் தேனடையும் கொடுத்தார்.

கிடைத்தது ஒரே ஒரு பெண்வண்டு. அதன் பை ஊசி முனையிலிருந்து துள்ளி, அறுக்கும் கிண்ணத்துக்குள் விழுந்தது. கண்ணில் நீர் வழிய அந்தக் கிண்ணத்தில் தேடினேன். கடைசியில் அகப்பட்டது. சங்குபோல மூன்று சுற்றுச் சுருண்டிருந்தது. இந்த வகை வண்டுகளில் யாரும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. அந்தச் சுருளுக்காகவே ஒரு புதிய பேரினத்தை, அதாவது இனங்களுக்கு மேலான ஒரு தனிப் பிரிவை, அமைத்து அதற்கும் வண்டுக்கும் பெயர் சூட்டினேன். என் வாழ்நாளில் நான் பெயர் சூட்டிய ஒரே பேரினம் அது.

இரண்டு ஆண்டு கழித்து வகேஷோ எங்கள் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். என்னைவிட இளையவள், கை நடுங்காதவள். அதே மரத்திலிருந்து இன்னொரு பெண்வண்டைக் கொண்டுவந்து திறந்தாள். ஒருநாள் காலை எனக்குத் தேநீர் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. பை சுருளா இல்ல. அவரை விதை மாதிரி மொழுக்குன்னு இருக்கு."

"சரியாப் பாத்தியா?"

"மூணு தடவை பாத்தேன் சார். நீங்க அன்னைக்குக் கிண்ணத்தைக் கழுவினீங்களா?"

கழுவவில்லை. முந்தின நாள் அதே கிண்ணத்தில் வேறு குடும்பத்துச் சிறுவண்டு ஒன்றை அறுத்திருந்தேன். அதன் பை சுருளாகத்தான் இருக்கும். அவள் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"யாருக்கு வேணாலும் நடக்கும் சார். நீங்களே கண்டுபிடிச்சுத் திருத்தின மாதிரி எழுதிடலாம். உங்க பேரு முன்னால, என் பேரு பின்னால. பேரினம்தான் போகும். வண்டுக்கு நீங்க வச்ச பேரு போகாது."

இதைவிட மென்மையாக யாரும் என்னிடம் பேசியதில்லை. சிறிய அன்புகள்தான் உலகத்தைத் தாங்குகின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். அன்று அந்தத் தேநீரை என்னால் குடிக்க முடியவில்லை.

அவள் திறந்த வண்டை நானும் பார்க்க வேண்டும் என்றேன். தயங்காமல் கொடுத்தாள், இன்னும் வரைந்துகூட வைத்திருக்கவில்லை. இன்னும் தெளிவாகட்டும் என்று அதைக் காரநீரில் போட்டேன். நீண்ட நேரம் விட்டுவிட்டேன். கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் மிஞ்சியது. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், அடுத்த வாரம் தோப்புக்குப் போய் இன்னும் நாலு எடுத்துட்டு வரேன்" என்றாள்.

அவள் போவதற்கு முன்பே நான் போனேன். நல்ல வெயில் காலம். தோப்பு வாசலில் செருப்பைக் கழற்றினேன். முன்னோருக்குக் காட்ட வேண்டிய மரியாதை அது. காளான்மீது மண்ணெண்ணெயை ஊற்றும்போது ஒரு சிறிய ஜெபமும் சொன்னேன். அந்த ஒரு மரத்தோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். காற்று எழுந்தது. மாலைக்குள் ஃபிகி முழுவதும் எரிந்தது. தோப்போடு அந்த வண்டினமும் முடிந்தது. இன்று அதைப் பற்றி உலகில் இருப்பது நான் எழுதிய விளக்கம் ஒன்றுதான். அதில் பிழை இருக்கிறது என்று யாராலும் காட்ட முடியாது.

ஊர் கொதித்தது. ஃபிகிக்குள் நெருப்பு வந்தது யாரால் என்று கேட்டார்கள். என்னையும் கேட்டார்கள். தேனீக்களை விரட்டும் புகைப்பந்தத்தோடு ம்வாடிமேயை அந்த ஓரத்தில் பார்த்திருக்கிறேன் என்றேன். பார்த்திருக்கிறேன், பல நாள். எந்த நாள் என்று அவர்கள் கேட்கவில்லை. நான் பொய் சொல்லும் வழக்கம் உள்ளவன் அல்ல.

வகேஷோ என்னைக் குற்றம் சொல்லவில்லை. மேசையைத் துடைத்துவிட்டு, ஊசிகளைப் பெட்டியில் வைத்தாள். "நான் பாத்ததை நான் ஒருத்திதான் சார் பாத்தேன்" என்றாள். பிறகு மொம்பாசாவுக்குப் போய்விட்டாள். அவளுக்கு நல்ல சிபாரிசுக் கடிதம் கொடுத்தேன்.

ம்வாடிமேயின் மனைவி வாவுடா ஆலயத்தில் எனக்கு முன்வரிசையில் உட்காருவாள். அவளுடைய பிள்ளைகள் மெலிந்துபோயிருந்ததைப் பின்னாலிருந்தே பார்க்க முடிந்தது. அந்த வீட்டுக்கு நான் ஏதோ கடன்பட்டிருப்பதாக என் மனம் உறுத்திக்கொண்டேயிருந்தது. மனச்சாட்சி உள்ளவனுக்கு அப்படித்தான் இருக்கும்.

ஒரு காலை, அவள் ஊற்றுக்குத் தண்ணீருக்குப் போயிருந்த நேரம், ஒரு மூட்டை சோளமாவைத் தோளில் சுமந்துபோய் அவள் வாசலில் இறக்கினேன். கோழிகள் கிளறாமல் இருக்க மேலே ஒரு பலகையும் வைத்தேன். பெயர் எழுதவில்லை. என்னை யாரும் பார்க்கவில்லை. நல்ல மாவு, ஒரு மாதத்துக்குத் தாராளமாக வரும். ம்வாடிமேக்கு ஐந்து ஆண்டு சிறை என்று தீர்ப்பாகியிருந்தது. கடன் முழுவதும் தீர்ந்த நிம்மதியோடு மலையிறங்கினேன்.