அழுவுற மூஞ்சி

திண்டிவனத்தில் பஸ் கிளம்பியதும், முன் சீட்டிலிருந்த கல்லூரிப் பெண் தன் தோழியிடம், "நேத்து ஆன்லைன் கிளாஸ்ல கை தவறி அழுதுட்டேன்டி" என்றாள். அதற்குப் பிறகு நான் எங்கே தூங்குவது?

"கை தவறி யாராச்சும் அழுவாங்களா?"

"நீதான் நேத்து வரல. எப்படி இருக்கீங்கன்னு மேடம் தெனம் ஒரு எமோஜி மூஞ்சி அனுப்பச் சொல்வாங்க இல்ல? எல்லாரும் சிரிக்கிற மூஞ்சிதான் போடுவோம். என் போன்ல டச் சரியில்ல, அழுவுற மூஞ்சி போயிடுச்சு."

"அப்புறம்?"

"மேடம் போன் பண்ணாங்க. நம்ம கிளாஸ் செல்வி வளவனூர்லேர்ந்து பஸ் புடிச்சு வீட்டுக்கே வந்துட்டா."

"டச் சரியில்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அவ என் கையப் புடிச்சிக்கினு 'என்னாடி ஆச்சு'ன்னு கேட்டா. நெசமாவே அழுதுட்டேன். உள்ள அவ்ளோ இருந்துச்சுன்னு எனக்கே தெரியாதுடி."

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றது. தோழி தன் போனை எடுத்து நீட்டினாள்.

"அந்த மூஞ்சி எங்க இருக்குன்னு காட்டு."

இவள் போனை வாங்கவில்லை. தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாடி ஆச்சு?"