குட்டைப் பல்லில் ஒரு சிலுவை

அந்த இரவு எண்ணெய்த் துளைமேடையில் இருந்தவர்கள் மூன்று பேர். துளையை நடத்திய இயோர்தாகே, என் பெரியப்பா மகன். அவன் மனைவியின் தம்பி சாவா. சமையலுக்கு வந்திருந்த அவன் அம்மா, என் பெரியம்மா சம்ஃபிரா. நாலாவதாக ஓர் ஆள் நின்றார் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

1934, நவம்பர் கடைசி. மணி பதினொன்றேகால். கிம்பினா ஊரிலிருந்து மலையேறும் சாலையில் ஒரு வண்டி கிடையாது. புனித அந்திரே திருநாளின் முந்தின இரவு, செத்தவர்கள் திரும்பி வரும் இரவு... மற்ற ஆட்கள் கதவுக்குப் பூண்டு தேய்த்து உள்ளே அடைந்துவிட்டார்கள்.

ஆயிரத்து நூற்று முப்பது மீட்டரில், குழாய் நுனியில் பாறையைக் கடிக்கும் பல் வைத்த இரும்பு, பிட், மழுங்கிவிட்டது. குழாய்களை உருவவே ஆறு மணி நேரம். இனி எதை இறக்குவது? மேலே வந்த சேற்றை இயோர்தாகே நுனிநாக்கில் வைத்துப் பார்த்தான். வழவழவென்று களிப்பாறை. அதற்கு நீளப் பல் பிட். ஆனால் கடைவாயில் ஏதோ நறநறத்தது. மணல். அடியில் கெட்டி மணற்பாறை இருந்தால் குட்டைப் பல்தான் வேண்டும். நீளப் பல் முறிந்துவிடும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், பக்கத்துத் துளையில், இதே ஆழத்தில், இயோர்தாகேவின் அப்பா, என் பெரியப்பா இலாரியே, நீளப் பல்லை இறக்கினார். அது உடைந்தது. உடைந்ததை மீட்கும்போது வாயு பற்றிக்கொண்டது. அவரோடு இன்னும் இரண்டு பேர் கருகினார்கள். குடிபோதையில் தவறான பிட்டை எடுத்தார் என்றது ஊர். இன்று நீளப் பல் தாங்கிவிட்டால் அந்த வாய்கள் அடங்கும். இயோர்தாகேவுக்கு வேண்டியது அதுதான்.

"மச்சான், மணல் வருது. குட்டைப் பல்லையே போடுவோம்," என்றான் சாவா.

"எங்கப்பா என்ன குருடனா? நீளம்தான்."

"நீங்க எண்ணெய்க்குத் தோண்டுறீங்களா, அப்பாவுக்குத் தோண்டுறீங்களா?"

இயோர்தாகே பிட்டுகள் வைத்திருந்த கொட்டகைக்குள் போனான். குட்டைப் பல் பிட்டின் மேல் ஒரு சிலுவை. சுண்ணக்கட்டியால் போட்டது. கீழ்க்கோடு நீண்டு, இடப்பக்கம் வளைந்து... கருகிய முடியின் வாடை வேறு.

"டேய் சாவா, விளையாடாத!"

"நான் இங்க சங்கிலியப் பிடிச்சிட்டு நிக்கறேன். அங்க யாரோட பேசறீங்க?" குரல் மேடையிலிருந்து வந்தது.

சட்டைக் கையால் துடைத்தான். நீளப் பல்லை நோக்கித் திரும்பினான். கிறீச்... கிறீச். முதுகுக்குப் பின்னால், இரும்பின் மேல். இரண்டே கோடு.

சிலுவை அதே இடத்தில் இருந்தது.

மாமலிகா என்கிற சோளக்களிச் சட்டியோடு பெரியம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"எடுக்கற பிட்டுல உங்கப்பா இப்படித்தான்டா கோடு போடுவாரு. அவரே சொல்றாரு... கேளு."

"அப்போ அவரு தப்புப் பண்ணாருன்னு ஊரு சொன்னது நிஜமாம்மா?"

அவள் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

இயோர்தாகே நீளப் பல்லை எடுத்து மாட்டினான். சாவா மரையை இறுக்கினான். மூவரும் பார்க்க, அது துளைக்குள் இறங்கியது. விடிந்தபோது அடியில் மணற்பாறை தட்டியது. ஆனால் எதுவும் முறியவில்லை. அன்று முழுதும் மேடை அதிராமல் பிட் சுழன்றது. மறுநாள் மாலை உருவி எடுத்தார்கள்.

இயோர்தாகே பயந்துபோய், தந்தை காட்டிய குட்டைப் பல்லை இறக்கினான் என்று இன்னமும் ஒரு பேச்சு உண்டு. பொய். எங்கள் வீட்டில் யாரும் அப்படி மிரண்டவர்கள் அல்ல. அவன் இறக்கியது நீளப் பல். மேலே வந்ததுதான் குட்டைப் பல். சேற்றைக் கழுவியபோது அதன் மேல் அந்தச் சிலுவை கலையாமல் இருந்தது.